வீடு பூட்டியிருக்கும் நாட்களில் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர்

கோடை விடுமுறை, உம்ரா, ஹஜ், வெளியூரில் இருக்கும் மகளின் பிரசவம் என்று நம் மஹல்லாவில் ஏதேனும் சில வீடுகள் எப்போதும் பூட்டியே இருக்கின்றன. புறப்படும் முன் பால்காரரிடம் சொல்லிவிடுகிறோம், பேப்பரை நிறுத்துகிறோம், கேஸ் சிலிண்டரை மூடுகிறோம். வண்டி வாசலில் வந்து நின்ற பிறகுதான் மொட்டை மாடியிலும் பால்கனியிலும் இருக்கிற செடிகளின் நினைவு வருகிறது. ஆளுக்கு ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கிளம்புகிறோம். திரும்பி வரும்போது பாதிச் செடி காய்ந்திருக்கும். சில செடிகள் வேர் அழுகியிருக்கும்.

நம் அலுவலகத்துக்கு வந்த ஒரு மூத்த பெண்மணி, உம்ரா பயணத்துக்கான எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு, தயங்கியபடி ஒன்று கேட்டார்கள். தம் கணவர் மௌத்தாவதற்கு முன் வைத்த மருதாணிச் செடி ஒன்று தொட்டியில் இருக்கிறது, பதினைந்து நாள் அதற்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று. இதையெல்லாம் டிரஸ்டில் கேட்கலாமா என்றும் சேர்த்துக் கேட்டார்கள். தாராளமாகக் கேட்கலாம். அவர்களுக்கு நேரில் சொன்னதைத்தான் எல்லாருக்கும் பயன்படட்டும் என்று சற்று விரிவாக இங்கே எழுதுகிறோம்.

கடையில் போய் எதையும் வாங்குவதற்கு முன், உங்கள் செடி ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலோர் செய்யாமல் விடுவது இதைத்தான். வீட்டில் எடை பார்க்கும் தராசு இருந்தால் போதும். தொட்டிக்கு நன்றாகத் தண்ணீர் ஊற்றி, அடியில் வடிவது நின்றதும் எடை போடுங்கள். மறுநாள் அதே நேரத்தில், இடையில் தண்ணீர் ஊற்றாமல் மறுபடி எடை போடுங்கள். ஒரு மில்லி லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிராம். ஆகவே 300 கிராம் குறைந்திருந்தால் அந்தத் தொட்டி ஒரு நாளில் 300 மில்லி குடித்திருக்கிறது என்று பொருள். பதினைந்து நாளுக்கு நாலரை லிட்டர். அப்படி நான்கு தொட்டி என்றால் 18 லிட்டர். இந்தக் கணக்கு கையில் இருந்தால், ஒரு லிட்டர் பாட்டிலைக் கவிழ்த்து வைத்துவிட்டு உம்ராவுக்குப் போகலாமா என்ற கேள்வியே எழாது.

அடுத்தது, அந்தத் தாகத்தைக் குறைப்பது. வெயிலிலும் காற்றிலும் நிற்கிற செடி குடிப்பதைவிட நிழலில் நிற்கிற செடி மிகக் குறைவாகவே குடிக்கும். எனவே புறப்படும் முன் எல்லாத் தொட்டிகளையும் வெளிச்சம் வருகிற, ஆனால் நேர் வெயில் படாத ஒரே இடத்தில் நெருக்கமாக வையுங்கள். ஒன்றையொன்று ஒட்டி நின்றால் அவற்றைச் சுற்றிக் காற்றில் ஈரம் சற்று நிற்கும். மண்ணின் மேல் தேங்காய் மட்டை நாரையோ காய்ந்த இலையையோ இரண்டு விரற்கடை கனத்துக்குப் பரப்புங்கள். ரோஜாவின் பூக்களையும் மொட்டுகளையும் கிள்ளிவிடுங்கள். போகிற சமயத்தில் உரம் வைக்காதீர்கள். இலை பிடித்துத் தழைக்கிற செடிக்குத் தண்ணீர் கூடுதலாகத் தேவைப்படும். மண் தொட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் போய்க்கொண்டே இருப்பதால் பிளாஸ்டிக் தொட்டியைவிட அது சீக்கிரம் காயும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கற்றாழை, பாம்புக் கற்றாழை போன்றவற்றுக்கு எந்த ஏற்பாடும் வேண்டாம். பதினைந்து நாள் அவற்றைச் சும்மா விட்டாலே நல்லது. நாம் கவலைப்பட வேண்டியது ரோஜா, மல்லிகை, புதினா, சிறு தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலை, மருதாணி போன்றவற்றுக்குத்தான்.

இனி ஏற்பாடுகள். நாம் முதலில் சிபாரிசு செய்வது திரி முறை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலவே துணித் திரியில் தண்ணீர் ஏறும். மண் காயக் காயத் திரியிலிருந்து இழுக்கும். மண் ஈரமாக இருக்கையில் இழுப்பு குறையும். செடியே தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது என்பதுதான் இதன் சிறப்பு. மின்சாரம் வேண்டாம், காசும் அதிகம் ஆகாது. புதிய ஸ்டவ் திரி நன்றாக வேலை செய்யும். பழைய பனியன் துணியை நீளமாகக் கிழித்து முறுக்கினாலும் போதும். பருத்தித் திரி மண்ணுக்குள் நாளாவட்டத்தில் இற்றுப்போகும். பதினைந்து நாளுக்கு அது பிரச்சினை இல்லை. அதற்கு மேல் என்றால் பாலியஸ்டர் நூலில் பின்னிய கயிறு நீடித்து உழைக்கும். வழவழவென்ற ஒற்றை இழை நைலான் கயிற்றில் தண்ணீர் ஏறாது. கடையில் பார்த்து வாங்குங்கள்.

திரியை முதலில் தண்ணீரில் முழுக்க ஊறவைக்க வேண்டும். காய்ந்த திரியைப் போட்டுவிட்டுப் போனால் தண்ணீர் ஏறத் தொடங்காமலே இருந்துவிடலாம். ஒரு முனை பாத்திரத்தின் அடியைத் தொட வேண்டும். மிதக்காமல் இருக்க ஒரு சிறு கல்லைக் கட்டிவிடுங்கள். மறுமுனையை வேருக்கு அருகே மூன்று அங்குல ஆழத்தில் புதைத்து மண்ணை அழுத்திவிடுங்கள். நடுவில் வெளியே தெரிகிற பகுதி காற்றில் காய்ந்துபோகும். அதை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். அல்லது ஒரு சிறு பிளாஸ்டிக் குழாய்க்குள் விடுங்கள்.

பாத்திரத்தின் உயரத்தில்தான் பலருக்கும் தவறு நேர்கிறது. நீர்மட்டம் தொட்டி மண்ணின் மட்டத்துக்குச் சமமாகவோ சற்றுக் கீழாகவோ இருக்க வேண்டும். மேலே தூக்கி வைத்தால் திரி வழியே தண்ணீர் தானாக இறங்கிக்கொண்டே இருந்து இரண்டு மூன்று நாளில் பாத்திரம் காலியாகும், செடியும் மூழ்கும். மிகக் கீழே வைத்தால் திரி அவ்வளவு உயரம் இழுக்கத் திணறும். அரைச் சாணுக்கு மேல் ஏற வேண்டியிருந்தால் வேகம் நன்றாகக் குறைந்துவிடும். அதனால்தான் உயரமான வாளியைவிட அகலமான துணி ஊறவைக்கும் டப் இதற்கு ஏற்றது. தண்ணீர் குறையக் குறைய மட்டம் அதிகம் இறங்காது. டப்பை நடுவில் செங்கல் மேல் வைத்து, தொட்டிகளைச் சுற்றி அடுக்கிவிடலாம்.

பாட்டிலைக் கவிழ்த்து வைக்கும் முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். இறுகிய மண்ணில் ஓரளவு நிற்கும். கோகோபீட் கலந்த பொலபொலவென்ற மண்ணில் ஒரே இரவில் காலியாகிவிடும். மூன்று நான்கு நாள் பயணத்துக்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

பெரிய தொட்டிக்கும் குரோ பேக்குக்கும் மண் கலயம் மிக நல்லது. வண்ணமோ மெருகோ பூசாத சுட்ட மண் கலயத்தைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடிவிட வேண்டும். அதன் நுண்ணிய துளைகள் வழியே தண்ணீர் கசியும். சுற்றியுள்ள மண் காய்ந்தால்தான் கசிவு வேகமெடுக்கும். இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. கி.மு. முதல் நூற்றாண்டில் சீனாவில் ஃபான் ஷெங்சி எழுதிய வேளாண் நூலிலேயே இந்தப் பானைப் பாசனம் சொல்லப்பட்டிருக்கிறது. நம் ஊர்க் குயவர் சந்தையில் கிடைக்கிற கலயமே போதும். இதை ஊருக்குப் போகிற அன்று புதைத்தால் வேர் அறுபடும். ஒரு மாதம் முன்பே புதைத்துவிடுங்கள்.

மெடிக்கல் கடையில் கிடைக்கும் டிரிப் செட்டை வாங்கித் தொங்கவிடுவதைச் சில வீடுகளில் பார்க்கிறோம். பயன்படுத்தாத புதிய செட் மட்டுமே வாங்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. நிமிடத்துக்கு 20 சொட்டு விட்டால் ஒரு நாளைக்கு 1,440 மில்லி, அதாவது ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். நம் உதாரணத் தொட்டிக்கு வேண்டியது 300 மில்லிதான். அதற்கு நிமிடத்துக்கு நான்கு சொட்டு மட்டும் விழ வேண்டும். அந்தச் சக்கரத்தை அவ்வளவு நுட்பமாகத் திருகி வைத்தாலும், பாத்திரத்தில் தண்ணீர் குறையும்போது அழுத்தம் குறைந்து சொட்டு மெதுவாகும். சிறு தூசி அடைத்தால் நின்றே போகும். ஆள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளத் தோதான சாதனம் அது. வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு நாம் சொல்ல மாட்டோம்.

மாடித் தோட்டமே வைத்திருப்பவர்கள் பேட்டரியில் ஓடும் குழாய் டைமரும் சொட்டு நீர்க் குழாய்களும் போடலாம். வாங்கும்போது ஒன்று கேளுங்கள். சில டைமர்களின் வால்வு திறக்கத் தண்ணீரின் அழுத்தம் தேவை. பத்து மீட்டர் உயரத்தில் தண்ணீர் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். மொட்டை மாடியில் டேங்க் ஓர் ஆள் உயரத்தில் இருந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. 'அழுத்தம் இல்லாமலே திறக்கும் பால் வால்வு டைமர்' என்று கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, டைமரை வீட்டு டேங்கில் நேரடியாக இணைக்காதீர்கள். ஒரு குழாய் கழன்றால் டேங்க் முழுவதும் காலியாகும். கீழ் வீட்டுக் கூரையில் ஒழுகும். தனியே ஒரு 50 லிட்டர் டிரம்மில் இணைத்தால், என்ன கோளாறு நடந்தாலும் போவது 50 லிட்டர்தான்.

இப்போது மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த தண்ணீரில் முட்டையிடுகிறது. நம் கோடை வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். நீங்கள் பதினைந்து நாள் வெளியூரில் இருக்கும்போது, செடிக்காகத் திறந்து வைத்துவிட்டுப் போன டப்பில் ஒரு தலைமுறைக் கொசு வளர்ந்து பறந்துவிடும். நீங்கள் மதீனாவில் இருப்பீர்கள். கடிபடுவது அடுத்த வீட்டுக் கைக்குழந்தை. பூட்டிய வீட்டுக்குள் மாநகராட்சி ஊழியராலும் போய்ப் பார்க்க முடியாது.

ஆகவே எந்த முறையானாலும் தண்ணீர் நிற்கும் பாத்திரம் மூடியிருக்க வேண்டும். மூடியில் திரி நுழையும் அளவுக்கு மட்டும் துளையிடுங்கள். மூடி இல்லாத டப் என்றால் நெருக்கமாக நெய்த துணியைப் போர்த்தி, விளிம்பைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். துணி தொய்ந்து தண்ணீரைத் தொடக் கூடாது. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளை எடுத்துக் கவிழ்த்துவிடுங்கள். கட்டாயம் வேண்டுமென்றால் மணலால் நிரப்பிவிடுங்கள். வரவேற்பறையில் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரில் வளர்கிற மணி பிளான்ட்டையும் மறக்காதீர்கள். பாட்டிலின் வாயைப் பஞ்சால் அடைத்துவிட்டுப் போங்கள். ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டையும் கையோடு காலி செய்துவிடலாம். திரும்பி வந்ததும் பாத்திரங்களைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் முட்டைகள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

செய்த ஏற்பாட்டைப் புறப்படும் அன்று முதன்முதலாக இயக்காதீர்கள். ஒரு வாரம் முன்பே வைத்து, நீங்கள் வீட்டில் இருக்கும்போதே மூன்று நாள் தண்ணீர் ஊற்றாமல் பாருங்கள். பாத்திரத்தின் பக்கத்தில் பேனாவால் கோடு போட்டு, தினமும் எவ்வளவு இறங்குகிறது என்று கவனியுங்கள். மட்டம் இறங்கவே இல்லையென்றால் திரி வேலை செய்யவில்லை. மூன்று நாளில் பாதி காலியென்றால் உயரத்தை மாற்ற வேண்டும்.

பதினைந்து நாள் உம்ராவுக்குத் திரியும் டப்பும் போதும். ஹஜ்ஜுக்கு வழக்கமாக ஏறத்தாழ 40 நாள் ஆகிறது. இப்போதைய ஆண்டுகளில் அது மே, ஜூன் மாதங்களில், நம் ஊரில் வெயில் உச்சத்தில் இருக்கும்போது வருகிறது. முன்பு சொன்ன தொட்டிக்கு 12 லிட்டர், நான்கு தொட்டிக்கு 48 லிட்டர் என்று கணக்கு போகிறது. அத்தனையையும் ஒரு டப் தாங்காது. அங்கே ஆள் உதவி வேண்டும். அடுத்த வீட்டு ராத்தாவிடமோ, மாடி வீட்டுக் கல்லூரிப் பிள்ளையிடமோ சொல்லுங்கள். தினமும் வரச் சொன்னால் யாருக்கும் சங்கடம்தான். திரியும் டப்பும் இருந்தால் வாரம் ஒருமுறை வந்து டப்பை நிரப்பி, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். வீட்டுச் சாவியைக் கொடுக்க மனமில்லாதவர்கள் தொட்டிகளையே அவர்கள் வீட்டு வராந்தாவுக்கு மாற்றிவிடலாம். "பார்த்து ஊற்றுங்கள்" என்று சொல்வதைவிட, எந்தத் தொட்டிக்கு எத்தனை டம்ளர் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது நல்லது. பிரியத்தோடு தினமும் ஊற்றியே செடியைக் கொன்றுவிடுபவர்களும் உண்டு. வேருக்குத் தண்ணீர் போலவே காற்றும் வேண்டும்.

திரும்பி வரும்போது ஒரு செடி வாடிக் கிடந்தால் உடனே பிடுங்கிப் போடாதீர்கள். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தும் வாடியிருந்தால் வேர் அழுகத் தொடங்கியிருக்கிறது. தண்ணீரை நிறுத்தி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மண் காய்ந்திருந்தால் மேலிருந்து ஊற்றுகிற தண்ணீர் ஓரமாக வழிந்து அடியில் ஓடிவிடும். அதிலும் காய்ந்த கோகோபீட் தண்ணீரை உள்ளே விடவே விடாது. தொட்டியை அப்படியே ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் உட்காரவைத்து, எடுத்து வடியவிட்டு, ஒரு வாரம் நிழலில் வையுங்கள். கிளையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் காய்ந்த நுனிகளை மட்டும் வெட்டிவிட்டுக் காத்திருக்கலாம். மருதாணியும் கறிவேப்பிலையும் இலையெல்லாம் உதிர்ந்த பிறகும் இன்ஷா அல்லாஹ் துளிர்த்துவிடும்.