சமமும் ஏறக்குறையச் சமமும்

இரு பொருள்களை இணைத்துக் கூறும் விதியைக் கணிதத்தில் தொடர்பு என்பர். “இவர் அவருக்குத் தந்தை”, “இவ்வூரும் அவ்வூரும் ஒரே தாலுகாவைச் சேர்ந்தவை” என அன்றாடம் மக்கள் கூறுவன யாவும் தொடர்புகளே.

தொடர்பின் இயல்பை அறிய மூன்று வினாக்கள் உள்ளன. ஒவ்வொரு பொருளும் தன்னோடு தானே அத்தொடர்பு கொண்டிருப்பின், அது தற்சுட்டுத் தொடர்பு. முதற்பொருள் இரண்டாவதோடு கொண்ட தொடர்பை இரண்டாவதும் முதலாவதோடு கொண்டிருப்பின், அது சமச்சீர்த் தொடர்பு. முதலாவது இரண்டாவதோடும், இரண்டாவது மூன்றாவதோடும் தொடர்புற்றால், முதலாவது மூன்றாவதோடும் தொடர்புற்றே தீருமாயின், அது கடப்புத் தொடர்பு.

தந்தை என்னும் தொடர்புக்கு இம்மூன்றில் ஒன்றும் இல்லை. ஒரே தாலுகா என்பதற்கு மூன்றும் உண்டு. மூன்றும் உடையதைச் சமானத் தொடர்பு என்பர். அது பொருள்களை ஒன்றோடொன்று கலவாத வகுப்புகளாகப் பிரிக்கும். எனவேதான் ஓர் ஊர் இரு தாலுகாக்களின் பட்டியலில் இடம்பெறுவதில்லை.

நீளத்தில் சமம் என்பதும் சமானத் தொடர்பே. ஆயின் களத்தில் அளவுகோல்களை ஒப்பிடுங்கால் கிடைப்பது ஏறக்குறையச் சமமேயாகும். 1 மில்லிமீட்டர் வரை வேறுபாடு பொருட்டன்று எனக் கொள்வோர்க்கு 1,000 மில்லிமீட்டர் கோலும் 1,001 மில்லிமீட்டர் கோலும் ஒன்றே. 1,001-உம் 1,002-உம் ஒன்றே. ஆனால் 1,000-உம் 1,002-உம் ஒன்றல்ல. தற்சுட்டும் சமச்சீரும் இங்கு உண்டு, கடப்பு இல்லை.

இதன் விளைவு சிறிதன்று. ஒரு கோலைப் பார்த்து மற்றொன்றாகப் பத்து முறை படியெடுத்து, பிழை ஒரே பக்கமாகச் சேர்ந்தால், இறுதிக் கோல் 1,010 மில்லிமீட்டராகும். அதனால் நூறு கோல் நீளமும் நூறு கோல் அகலமுமாக அளந்து ஒரு ஹெக்டேர் எனப் பதிந்த நிலம், உண்மையில் 10,201 சதுர மீட்டராக இருக்கும். 201 சதுர மீட்டர் கணக்கில் வாராது.

இதனாலேயே கடைப் படிக்கற்களும் கோல்களும் ஒன்றைப் பார்த்து ஒன்றாகச் சரிபார்க்கப்படுவதில்லை. அரசின் நியம அளவைகளோடு குறித்த காலங்களில் ஒப்பிடப்படுகின்றன. அந்நியமங்களிலும் மேற்படியிலுள்ளது கீழ்ப்படியிலுள்ளதைவிட நுட்பமானதாக இருத்தல் வேண்டும். 57 என்னும் எண்ணுடைய இந்தியாவின் கிலோகிராம் நியமம் புது டில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் உள்ளது. 2019 மே 20 முதல் கிலோகிராமின் வரையறை உலோகக் கட்டியை விடுத்து, பிளாங்க் மாறிலியைச் சார்ந்துள்ளது.

ஆசிரியர்கள் இதை ஒரு நூலுருண்டையைக் கொண்டே வகுப்பில் விளக்கலாம். ஒரு வரிசை மாணவர்கள் முந்தைய மாணவனின் நூலைப் பார்த்தும், மற்றொரு வரிசையினர் அனைவரும் முதல் நூலைப் பார்த்தும் துண்டு வெட்டட்டும். கடைசித் துண்டுகள் இரண்டையும் முதல் நூலோடு சேர்த்து வைத்தால், கடப்புப் பண்பின் அருமை மாணவர்க்கு எளிதில் விளங்கும்.