ஆறு கடலில் சேரும் இடமும் தோணி நிற்கும் ஊரும்: ஒரு ராத்திரி தங்கிப் பார்த்து வருவோமா?



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் கடன் தவணை, தீர்மானம் எல்லாம் முடிந்து கிளம்புகிற நேரத்தில் ஒரு ஆச்சி எழுந்து நின்றார். "ஏம்மா, எனக்கு எழுவது வயசு தாண்டியாச்சு. பொறந்ததுல இருந்து இந்த ஆத்துலதான் குளிக்கேன். இது எங்கன போயி கடல்ல விழுதுன்னு இன்னும் பாக்கலியே" என்றார். முதலில் சிரித்தோம். பிறகு பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்று சொன்னோம். நாற்பத்திரண்டு பேரில் மூன்று கைதான் மேலே வந்தது.

திருச்செந்தூருக்கு நாம் போகாத வருஷம் கிடையாது. ஆனால் அது நேர்த்திக்கடன். மொட்டை போட்டு, சாமி கும்பிட்டு, பிள்ளைகளை எண்ணிப் பார்த்து பஸ் ஏற்றி ராத்திரி வீட்டில் வந்து சோறு வடிப்போம். நமக்கென்று ஒரு ராத்திரி வெளியூரில் தங்கி, மறுநாள் காலையில் யாருக்கும் காப்பி போடாமல் எழுந்திருப்பது வேறு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஊர் நமக்குப் பக்கத்து ஊர்தான். தூத்துக்குடி. திருநெல்வேலியில் இருந்து ஐம்பது கிலோமீட்டர். நேராகப் போகாமல் ஆற்றோடு இறங்கிப் போக வேண்டும் என்பதுதான் நாங்கள் சொல்வது.

முதலில் பணம்

இதைப் பின்னால் எழுதலாம் என்று சிலர் சொன்னார்கள். நாங்கள் முன்னால்தான் எழுதுவோம், ஏனென்றால் ஒரு தடவை சூடு பட்டிருக்கிறோம். சில வருஷத்துக்கு முன் நம்மில் ஒரு குழு சேமிப்புப் பணத்தில் இருந்து எடுத்து வேன் பிடித்து சுற்றுலா போனது. தீர்மானப் புத்தகத்தில் எல்லோரும் கையெழுத்தும் போட்டார்கள். அடுத்த மாதமே ஒரு அக்கா மகளின் காலேஜ் பீஸுக்கு உள்கடன் கேட்டு வந்தார். கொடுக்கப் பணம் இல்லை. அவர் வெளியே கந்து வட்டிக்கு வாங்கினார், குழுவை விட்டும் போய்விட்டார். அவரும் அந்த வேனில் வந்தவர்தான், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவர். அந்தப் பயணத்தைப் பற்றி இன்றைக்கும் அந்தக் குழுவில் யாரும் பேச மாட்டார்கள்.

அதனால் சேமிப்பு, சுழல்நிதி, உள்கடன் வட்டி எதையும் பயணத்துக்குத் தொடக் கூடாது. பயணச் சந்தா தனி. அதற்குத் தனி நோட்டு, தனி உண்டியல். இருபது பேர் உள்ள குழுவில் ஆளுக்கு வாரம் 10 ரூபாய் போட்டால் நாற்பது வாரத்தில் 8,000 ரூபாய் சேரும். ஆளுக்கு 400 ரூபாய். அது போதாது என்றால் இன்னும் பத்து வாரம் பொறுங்கள், கடன் வாங்காதீர்கள். கடைசியில் வர முடியாமல் போகிறவருக்கு அவர் போட்டதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதை முதல் வாரமே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸா வேனா என்று கேட்பீர்கள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஐந்தாறு பேர், நல்ல நடையாளிகள் என்றால் பஸ்ஸிலேயே இறங்கி ஏறிப் போகலாம், மொபசல் பஸ்ஸுக்கு மட்டும் பணம் ஆகும். ஆச்சிமார் இருந்தால் வேன்தான் சரி. வேன் பேசும்போது கிலோமீட்டர் கணக்கா, நாள் வாடகையா, டிரைவர் பேட்டா யார் பொறுப்பு, ராத்திரி நிறுத்தத்துக்குத் தனியா, திரும்பி வரும்போது வாகைக்குளம் சுங்கச்சாவடிக் கட்டணம் யார் கட்டுவது, இத்தனையும் ஒரு தாளில் எழுதி வாங்க வேண்டும். அட்வான்ஸ் கொடுத்ததற்கும் கையெழுத்து. "நம்ம பையன்தான்" என்று வாய்ப் பேச்சில் விட்டால் பாதி வழியில் கணக்கு மாறிவிடும்.

ஆறு எழுதிய கதை

காலையில் ஆறு மணிக்குக் கிளம்பினால் திருச்செந்தூர் ரோட்டில் முதலில் ஆதிச்சநல்லூர். ரோட்டு ஓரத்துப் பரம்பு. நம்மவர்கள் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மன்காரர் தோண்டினார், பிறகு அலெக்ஸாண்டர் ரீ என்ற வெள்ளைக்கார அதிகாரி தோண்டினார், 2004இல் மத்திய தொல்லியல் துறை மறுபடி தோண்டியது. 2023இல் தோண்டிய குழிகளை அப்படியே விட்டு மேலே கண்ணாடி போட்டு, நாம் நின்று கீழே பார்க்கிற மாதிரி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். திறக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. தாமிரபரணியில் மொத்தம் எட்டு அணைக்கட்டு, இதுதான் கடைசி. நம் வயலுக்குத் தண்ணீர் விட்டது போக மிச்சம்தான் இதைத் தாண்டி இறங்குகிறது.

அங்கிருந்து ஏரல் வழியாகக் கொற்கை. இறங்கிப் பார்த்தால் வாழைத் தோட்டம், வயல், ஒரு பழைய வன்னி மரம், சின்ன ஊர். "இதைப் பாக்கவா கூட்டிட்டு வந்தீய?" என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். விஷயம் இதுதான். ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் இது பாண்டியரின் துறைமுகம். இங்கத்து முத்தை கிரேக்கக் கப்பல்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இப்போது கடல் இங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கடல் எங்கும் ஓடிப்போகவில்லை. நம் ஆறு வருஷா வருஷம் வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி கரையை முன்னால் தள்ளிவிட்டது. கப்பல் வர முடியாமல் போனதும் வியாபாரம் கீழே இறங்கி பழையகாயலுக்குப் போனது. 1290களில் மார்க்கோ போலோ என்ற வெனிஸ் நகரத்து வியாபாரி வந்து பார்த்தது அந்தக் காயல். அதுவும் மண்மூடிப் போக, ஆற்று வாயில் புன்னைக்காயல் எழுந்தது. போர்த்துக்கீசியர் வந்து உட்கார்ந்தது அங்கே. ஒரே ஆற்றுக்கு மூன்று துறைமுகம், ஒன்றை மூடி ஒன்று. கால்டுவெல் ஐயர் 1870களில் கொற்கையில் தோண்டிப் பார்த்து இந்தக் கதையை எழுதி வைத்தார்.

முக்காணியில் பாலம் தாண்டி ஆத்தூர். வெற்றிலை போடுகிறவர்கள் இங்கே வாங்கிக்கொள்ளலாம், ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆத்தூரில் இருந்து புன்னைக்காயல். ஆச்சி கேட்ட இடம் இதுதான். பொதிகையில் இறங்கி, பாபநாசம், அம்பை, சேரன்மாதேவி, நம் படித்துறை எல்லாம் கடந்து வந்த தண்ணீர் இங்கே கடலில் கலக்கிறது. மீனவர் ஊர், கடை கண்ணி குறைவு. சாப்பாட்டைக் கையில் கட்டிக்கொண்டு போய் இங்கே உட்கார்ந்து சாப்பிடலாம். முகத்துவாரத்தில் குளிக்க இறங்க வேண்டாம், ஆற்று இழுப்பும் கடல் இழுப்பும் சேர்ந்த இடம்.

தோணி ஊர்

சாயங்காலத்துக்குள் தூத்துக்குடி போய்விடலாம். இது ஆற்று வாயில் இல்லாத ஊர், அதனால் மண் மூடவில்லை. எதிரே சின்னச் சின்னத் தீவுகள் இருந்து அலையைத் தடுத்தன. போர்த்துக்கீசியர், 1658இல் இருந்து டச்சுக்காரர், பிறகு இங்கிலீஷ்காரர் என்று ஒவ்வொருவராக வந்தது இதனால்தான். ஆனால் ஆழம் கிடையாது. பெரிய கப்பல் எல்லாம் தொலைவில் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைக் கரையில் இருந்து கொண்டுபோய் ஏற்றுவது தோணி.

தோணி என்றதும் மீன் பிடிக்கிற படகை நினைக்காதீர்கள். பெரிய மரக்கலம். உயர்ந்த பாய்மரம், அகலப் பாய், நூறு டன்னுக்கு மேல் சரக்கு பிடிக்கும். கரையில் கிடத்தி, பலகை பலகையாகக் கைவேலையாகச் செய்வார்கள். காற்றை மட்டும் நம்பி கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வந்தன. அரிசி, வெங்காயம், ஓடு, செங்கல், கருவாடு என்று கொழும்பில் கடை வைத்திருந்த நம் ஊர்க்காரர்களுக்கு எல்லாம் இதில்தான் போனது. பின்னால் எஞ்சின் பொருத்திக்கொண்டார்கள். 1974இல் ஆழமான புதிய துறைமுகம் வந்த பிறகும் பழைய துறைமுகத்தில் தோணித் தொழில் நின்றுவிடவில்லை. படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் ஜோ டி குருஸ் எழுதிய 'கொற்கை' நாவலை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், இந்தத் தோணிக்காரர்களின் கதைதான். தலையணை மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம்.

பழைய துறைமுகத்துக்குள் நினைத்தபடி நுழைய முடியாது, அனுமதி வேண்டும். கூட்டமைப்பின் லெட்டர்பேடில், போகிறவர்கள் பெயரோடு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் கடற்கரை ரோட்டில் இருந்து பார்த்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே பனிமய மாதா கோவில். அந்த மாதா சொரூபம் 1555இல் கப்பலில் வந்து இறங்கியதாகச் சொல்வார்கள். எந்த மதத்துக்காரரும் போய் உட்கார்ந்து வரலாம்.

இந்த ஊரில் நமக்கு இன்னொரு சோலி இருக்கிறது. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது இங்கேதான். பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்கு, மொத்தம் 10 லட்சம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு கூட்டாகச் சேர்த்து 1907இல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வந்தது. எதிரில் இருந்த வெள்ளைக்காரக் கம்பெனி கொழும்பு டிக்கெட்டை அடிமாட்டு விலைக்குக் குறைத்தது. கடைசியில் சும்மா ஏற்றிக்கொண்டு போய் கையில் ஒரு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். 1908 மார்ச்சில் அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள், திருநெல்வேலி முழுக்கக் கலவரம் வெடித்தது. 1911இல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். இதைப் படித்துக் காட்டியபோது மசாலாப்பொடி போடுகிற குழுவின் மதினி ஒருவர், "நம்ம பொடிக்கும் இதான நடக்கு? பெரிய கம்பெனிக்காரன் சின்னப் பாக்கெட்டு போட்டு கடைக்காரனுக்கு ஒண்ணுக்கு ஒண்ணு இனாம் குடுக்கான். நாம எத்தன மாசம் தாங்குவோம்?" என்றார். அந்தக் கடற்கரையில் உட்கார்ந்து இதைப் பேசினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

எப்போது போவது, எங்கே தங்குவது

தை, மாசி, பங்குனி நல்லது. உப்பளத்தில் வேலை தொடங்கியிருக்கும், வெள்ளை வெள்ளையாகக் குவியல் தெரியும். தலைச்சுமையாக உப்பு சுமக்கிற பெண்களைப் பார்த்தால் வேடிக்கை பார்த்துப் படம் எடுக்காமல் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். அவர்களும் நம்மைப் போலக் குழுவில் இருப்பவர்களாக இருக்கலாம். ஆனி ஆடியில் காற்று பலமாக இருக்கும், மணல் கண்ணில் அடிக்கும். ஆனால் அந்தக் காற்றுக்குப் பயந்து தோணிகள் கரையில் நிற்கும், நிறையத் தோணி பார்க்க வேண்டும் என்றால் அப்போதுதான். ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை மாதா திருவிழா, ரூம் கிடைக்காது. ஐப்பசி முதல் மார்கழி வரை வேண்டவே வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ஒரு ரயிலே பயணிகளோடு மாட்டிக்கொண்டதும் நமக்கு மறக்காது.

தங்கும் இடத்தை போனில் மட்டும் பேசி முடிக்காதீர்கள். இரண்டு பேர் முன்னால் போய் அறை, தாழ்ப்பாள், தண்ணீர், கக்கூஸ் நாலையும் பார்த்துவிட்டு வர வேண்டும். எல்லோரும் ஆதார் அட்டை கொண்டுவர வேண்டும். வழியிலும் கழிப்பறை எங்கே என்று முதலிலேயே குறித்து வையுங்கள். போன பயணத்தில் ஒரு அக்கா வெட்கப்பட்டு நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்து மயங்கி விழுந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் என்று டிரைவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிரஷர், சுகர் மாத்திரை அவரவர் முந்தானையில் முடிந்துகொள்ள வேண்டியது.

வீட்டில் விடுவார்களா என்பது பெரிய கேள்வி. எங்கள் அனுபவத்தில், முதல் நாள் ராத்திரி சொன்னால் சண்டை வரும். நாற்பது வாரம் சந்தா கட்டுவதை மாமியாரும் வீட்டுக்காரரும் பார்த்துக்கொண்டே இருந்தால், நாள் வரும்போது அது பழகிப்போன விஷயம் ஆகிவிடும். போகிறவர்கள் பட்டியல், தங்கும் இடம், டிரைவர் நம்பர் மூன்றும் எழுதி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாள் கொடுத்துவிடுங்கள். மாமியாரையே கூட்டிக்கொண்டு வந்த ஒரு மருமகளும் நம்மிடம் உண்டு.

மறுநாள் மத்தியானம் கிளம்புவதற்கு முன் மக்ரூன் வாங்காமல் யாரும் வர மாட்டீர்கள். முந்திரிப்பருப்பும் சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் அடித்துச் சுடுவது, ஈரக்காற்று பட்டால் பிசுபிசுத்துவிடும், டப்பா கொண்டுபோங்கள். முட்டை சேராத ஆச்சிமாருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களுக்குக் கருப்பட்டியோ பனங்கற்கண்டோ வாங்கிக்கொள்ளலாம். பயணச் சந்தா தொடங்க விரும்பும் குழுக்கள் அடுத்த கூட்டத்துக்குத் தீர்மான நகலோடு வந்தால் தனி நோட்டில் எப்படி எழுதுவது என்று நாங்கள் காட்டித் தருகிறோம். ஆச்சியின் பெயரை முதல் பெயராக எழுதியாயிற்று. அந்த அக்கா வீட்டுக்கும் நாங்கள் இரண்டு பேர் போய் வந்தோம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.