சதுக்கங்கள் – 9: நகரச் சொன்னார்கள், நடந்தார்கள்

அதிபர் மாளிகைக்கு எதிரே பதினான்கு பெண்கள் வந்து நின்றார்கள். நாள் 1977 ஏப்ரல் 30. இடம் அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரிஸின் நடுவிலுள்ள பிளாசா தே மாயோ.

முந்தைய ஆண்டு மார்ச்சில் ஆட்சியைப் பிடித்த ராணுவம், இளைஞர்களை வீடு புகுந்து தூக்கிக்கொண்டு போனது. போலீஸ் ஸ்டேஷன், படைமுகாம், அமைச்சகம் என்று ஏறி இறங்கிய தாய்மாருக்கு எங்குமே பதில் இல்லை. காத்திருந்த இடங்களில் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டார்கள். தனித்தனியாக அலைந்தது போதும், சதுக்கத்துக்குப் போவோம் என்று அழைத்தவர் அசுசேனா வில்யாஃப்ளோர். அவருடைய மகன் நெஸ்தோரைக் காணவில்லை.

ஸ்பெயினின் ஆட்சியை எதிர்த்து 1810 மே மாதம் மக்கள் திரண்ட இடம் அது. மறு ஆண்டு அங்கே எழுப்பிய நினைவுத்தூண் இன்றும் நடுவில் நிற்கிறது. அதிபரின் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். தாய்மாருக்கு வேண்டியதும் அதுதான். முதல் நாள் சனிக்கிழமை. சதுக்கத்தில் ஆளே இல்லை. பிறகு வியாழக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி என்று முடிவானது.

நெருக்கடி நிலை அமலில் இருந்தது. கூட்டமாக நிற்பது குற்றம். நிற்காதீர்கள், நகருங்கள் என்று விரட்டியது போலீஸ். அவர்கள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்துத் தூணைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் என்னை அதிகம் உலுக்கிய இடம் இது. நடப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு, விரட்டிய வார்த்தையையே போராட்டமாக்கினார்கள்.

அக்டோபரில் லுஹான் மாதா கோயிலுக்குப் பாதயாத்திரை. அந்தப் பெருங்கூட்டத்தில் ஒருவரையொருவர் அடையாளம் காண, கைக்குழந்தைக்கு இடுப்பில் கட்டும் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டார்கள். பிற்பாடு அதில் பிள்ளையின் பெயரை நூலால் தைத்தார்கள்.

எஸ்தேர் பாயெஸ்த்ரீனோ என்ற தாயின் மகள் உயிரோடு திரும்பிவிட்டாள். வீட்டோடு இருந்திருக்கலாம். மற்றவர்களின் பிள்ளைகளுக்காக அவர் மறுபடியும் சதுக்கத்துக்கு வந்தார்.

அண்ணனைப் பறிகொடுத்த தம்பி என்று சொல்லிக்கொண்டு அவர்களோடு ஒட்டிக்கொண்டான் ஓர் இளைஞன். உண்மையில் அவன் கடற்படை அதிகாரி, பெயர் ஆல்ஃப்ரெதோ ஆஸ்திஸ். காணாமல் போனோர் பட்டியலைப் பத்திரிகையில் வெளியிடத் தாய்மார் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 8ஆம் தேதி, சாந்தா குரூஸ் தேவாலய வாசலில் எஸ்தேர் உள்ளிட்டவர்களைப் பிடித்துச் சென்றார்கள். பட்டியல் நிற்கவில்லை, 10ஆம் தேதி வெளியானது. அந்தப் பேப்பரை வாங்க வீட்டிலிருந்து இறங்கிய அசுசேனாவைத் தெருவிலேயே கடத்தினார்கள்.

அடுத்த வியாழக்கிழமையும் தாய்மார் வந்தார்கள். தலைமையை ஒழித்தால் கூட்டம் கலைந்துவிடும் என்ற ராணுவத்தின் கணக்கு பொய்த்தது அன்றுதான்.

கடல் கரையில் ஒதுக்கிய உடல்களைப் பெயரில்லாமல் புதைத்திருந்தார்கள். தடயவியல் மானுடவியலாளர்கள் 2005இல் அந்த எலும்புகளில் அசுசேனா, எஸ்தேர் ஆகியோருடையவற்றை அடையாளம் கண்டார்கள். உயரத்திலிருந்து விழுந்ததற்கான முறிவுகள் அவற்றில் இருந்தன. விமானத்திலிருந்து கடலில் வீசியிருக்கிறார்கள். அசுசேனாவின் அஸ்தியை அந்த ஆண்டு டிசம்பரில் நினைவுத்தூணின் அடியில் புதைத்தார்கள். ஆஸ்திஸுக்கு 2011இல் ஆயுள் தண்டனை கிடைத்தது.

சிறையில் பிறந்து, வேறு வீடுகளில் வேறு பெயரில் வளர்ந்த பேரப்பிள்ளைகளை ரத்தப் பரிசோதனை மூலம் தேடிக் கண்டெடுத்த பாட்டிமாரைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)