நெஞ்சில் பலமாக அடிபட்டால்...

"எக்ஸ்ரே எடுத்தாச்சு டாக்டர், எலும்பு முறியவில்லை. வலிக்கு மாத்திரை மட்டும் தாருங்கள்." வாகன விபத்தில் ஸ்டியரிங் நெஞ்சில் இடித்தவர்கள் பலர் இப்படிச் சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். எக்ஸ்ரே எலும்பையும் நுரையீரலையும் காட்டும்; இதயத் தசை கன்றிப்போயிருப்பதைக் காட்டாது.

இதயத்தின் வலது கீழறை நெஞ்செலும்புக்கு நேர் பின்னால் இருக்கிறது. முன்பக்கமாக விழும் அடி அதைத்தான் முதலில் தாக்கும். வெளியே சிறு கீறல்கூட இல்லாமல் உள்ளே காயம் இருக்கலாம். அதனால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம், இரத்த அழுத்தம் குறையலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு எளிய பரிசோதனைகள் போதும். ஒன்று ஈ.சி.ஜி., மற்றது ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனை. காயப்பட்ட இதயத் தசையிலிருந்து கசியும் புரதம் இது. அடிபட்ட உடனே எடுத்தால் தெரியாமல் போகலாம் என்பதால், சில மணி நேரம் கழித்து மறுபடியும் எடுப்பதுண்டு. இரண்டும் நார்மல் என்றால் பெரிய காயம் இல்லை என்று நிம்மதி கொள்ளலாம். ஈ.சி.ஜி. மட்டும் போதாது. ஒன்றில் மாற்றம் இருந்தாலும் மருத்துவமனையில் தங்கி, துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். இரத்த அழுத்தம் குறைந்தாலோ துடிப்பு சீராகாவிட்டாலோ எக்கோ ஸ்கேன் அவசியம்.

மைதானத்தில் விழுந்தால்?

2015 யூலையில் இங்கிலாந்தின் சறே பகுதியில் தமிழர் கழகங்களுக்கிடையே நடந்த கிரிக்கெட் போட்டியில், 24 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் நெஞ்சில் பந்து பட்டு விழுந்தார். அவரைக் காப்பாற்ற முடியவில்லை. துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில் அடி விழுந்தால், நோயற்ற இதயமும் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம். அங்கே பரிசோதனைக்கு நேரமில்லை. பேச்சுமூச்சில்லை என்றால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். நடு நெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவியை ஒருவர் ஓடிப்போய் எடுத்து வரட்டும். அது எங்கே இருக்கிறது என்பதை ஆட்டம் தொடங்குமுன் தெரிந்துகொள்ளுங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்கள்:

* நெஞ்சுவலி குறையாதவர்கள்
* படபடப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் உள்ளவர்கள்
* முதியவர்கள், ஏற்கனவே இதய நோய் உள்ளவர்கள்

"லீவு போய்விடுமே" என்று வேலைக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஊரில் நம்மை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்தவர்கள், "ஈ.சி.ஜி.யும் ட்ரோபோனினும் பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.