நாலு மணி வரைக்கும்

சங்ககிரி லாரிக்காரர் ஊர். தீரன் சின்னமலையை 1805-இல் தூக்கிலிட்ட கோட்டை மலைமேல் இருக்கிறது. அதைப் பார்க்க வெளியூரார் வருவார்கள். ஊர்க்காரர் கண்ணில் அன்றாடம் படுவது சேலம்–கோவை நெடுஞ்சாலையும், ஓரத்துப் பட்டறைகளும், 1960-களில் வந்த சிமென்ட் ஆலையும், எண்ணெய்க் கிடங்குக்கு வரிசை கட்டும் டேங்கர்களும்தான். லாரி லைனுக்குப் போன ஓட்டுநர் திரும்பிவரப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். அதுவரை பிள்ளையை எழுப்பி, குளிக்க வைத்து, பள்ளிக்கு அனுப்பி, சாயங்காலம் கூட்டிவருவது ஒருத்தியின் பாடு. "ஊட்ல இருந்தே ஏதாச்சும் பண்ணலாமுங்களா? பெருசா முதல் போட முடியாது. நாலு மணிக்குப் பையன் வந்துருவான்" என்று இந்த ஊர்ப் பெண்கள் கேட்பது அதனால்தான்.

இந்தக் கேள்வி அவர்கள் பாட்டிமாருக்கு எழுந்திருக்காது. அந்தக் காலத்தில் வீட்டுத் தொழிலுக்குப் பஞ்சமே இல்லை. பள்ளி நேரம் என்ற ஒன்றுதான் இல்லை.

தேவூர், எடப்பாடி, குமாரபாளையம், பள்ளிபாளையம் என்று சங்ககிரியைச் சுற்றி எங்கும் தறி. கூடத்தில் குழி வெட்டித் தறி பூட்டியிருப்பார்கள். பாவும் ஊடை நூலும் முதலாளி கொடுப்பார். நெய்த துணியைக் கொண்டுபோய்ப் போட்டால் கூலி. கையில் காசில்லாதவரும் செய்யக்கூடிய தொழில் என்று அதற்குப் பெயர். ஆனால் தறிக்கு ஒரு ஆள் போதாது. நாடாவுக்குள் வைக்கும் தாரை யாராவது இராட்டையில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நெய்கிறவர் ஒரு தாரை முடிப்பதற்குள் அடுத்தது தயாராக வேண்டும். விடிகாலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டு, அறுந்த இழையைத் தேடிப் பிணைக்க வேண்டும். தார் சுற்றுவது எட்டு வயதுப் பெண்ணின் வேலை. இழை பிணைக்கச் சின்ன விரல்தான் தோது என்று பெருமையாகச் சொல்வார்கள். கூலியை வாங்கிவருவது அப்பா. தார் சுற்றியதற்குத் தனிக் கணக்குக் கிடையாது, அம்மாவுக்கும் கிடையாது, பிள்ளைக்கும் கிடையாது.

குடும்பமே ஒன்றாக உட்கார்ந்து உழைத்த காலம் என்று இதை இன்று ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த ஏக்கம் கிடையாது. முதல் இல்லாத தொழில் என்று அது பெயர் வாங்கியதே பிள்ளையின் படிப்பை யாரும் முதலாகக் கணக்கெழுதாததால்தான்.

பிள்ளையைத் தறியிலிருந்து பள்ளிக்கு இழுத்ததில் சட்டத்தைவிடச் சோறு முந்திக்கொண்டது. காமராஜர் 1950-களில் தொடங்கிய மதிய உணவை எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவாக விரித்தார். ஒரு வேளைச் சோறு நிச்சயம் என்றானதும் தார் சுற்றும் பிள்ளைக்கு ஒரு போட்டி வந்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. பிறகு தறியிலும் வெள்ளிப் பட்டறையிலும் இருந்த பிள்ளைகளுக்காகச் சேலம் மாவட்டத்தில் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, இந்தப் பக்கம் பெரும்பாலான பிள்ளைகள் ஏற்கெனவே பள்ளிக்குள்தான் இருந்தார்கள். 2016-இல் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் பிள்ளை உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். அது திறந்திருக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. 'உதவி' எங்கே முடிகிறது என்று எந்த அதிகாரி வந்து அளப்பார்?

தறியும் மாறியது. கைத்தறி இருந்த இடத்தில் விசைத்தறி வந்தது. 2006-இல் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் மின்சாரம் இலவசமானது. 2016-இல் 750, 2023-இல் 1000. ஆனால் விசைத்தறிக் கூடத்தில் வேலை ஷிப்டுக் கணக்கில் நடக்கும். பையனுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் ஓடுகிற தறியை விட்டுப் பாதியில் கிளம்ப முடியாது. முன்பணம் வாங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். ஆக, வீட்டோடு இருந்த தொழில் வீட்டைவிட்டுப் போனது. பிள்ளை பள்ளிக்குப் போனது. காலை ஒன்பதரையிலிருந்து நாலு வரை வீட்டில் ஒரு பெண் தனியாக, கையில் பணமில்லாமல் மிஞ்சினாள். இன்றைய கேள்வி தொடங்கும் இடம் அது.

கடனுக்கு வழி முதலில் திறந்தது. 1989-இல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியின் உதவியோடு தொடங்கிய மகளிர் குழுத் திட்டம், 1991–92-இல் சேலம் மாவட்டத்துக்கு வந்தது. 1997–98-இல் அது மகளிர் திட்டமாகி, படிப்படியாக மாநிலம் முழுக்கப் பரவியது. குழுக்கடனில் அப்போது வாங்கியது பெரும்பாலும் கறவை மாடும் வெள்ளாடும்தான். மாடு பள்ளி நேரத்தோடு மோதாது. கறவை விடியுமுன்னும் சாயங்காலமும். ஆனால் மாட்டுக்கு லீவு கிடையாது, தீவனத்துக்குக் காடு வேண்டும். வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறவளுக்கு அது ஆகாது.

லைன் வீட்டுக்காரிக்கு வழி காட்டியது கிரைண்டர். கோவைக்காரர் சபாபதி 1955-இல் உருவாக்கிய அந்த இயந்திரம் வசதியுள்ளவர் வீட்டுச் சாமானாகவே வெகுகாலம் இருந்தது. 2011 செப்டம்பரில் அரசு மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபின் குடிசையிலும் கல் சுற்றியது. அந்தச் சின்னக் கிரைண்டரில் பெரிய வியாபாரம் நடக்காது. ஆனால் பக்கத்து வீட்டுக்கு ஒரு படி ஆட்டிக் கொடுத்துப் பார்க்கலாம், தொழில் தனக்கு வருமா என்று காசு செலவில்லாமல் தெரிந்துகொள்ளலாம். அதற்கடுத்த வருடமே, 2012-இல், சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாமல் போனது. கிரைண்டர் வந்தது, கரண்ட் போனது என்று ஊரில் சிரித்துக்கொண்டார்கள்.

இன்று ஏறக்குறைய எந்தத் தெருவிலும் 'இட்லி மாவு கிடைக்கும்' என்று ஒரு அட்டை தொங்குகிறது. அந்த வேலையின் நேரத்தைப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு அரிசியை ஊறப்போட்டுவிட்டுப் பிள்ளையைக் கிளப்புகிறாள். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு பிடி வெந்தயம். பத்துக்கு உளுந்தை ஊறவைத்து, பதினொன்றுக்குக் கல்லில் போட்டு, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஆட்டுகிறாள். மொத்தமாக ஊற்றினால் உபரி காணாது. அடுத்து அரிசி. இரண்டரைக்கெல்லாம் கல்லைக் கழுவிவிட்டு உட்கார்ந்துவிடலாம். சேலத்து வெயிலில் ஆட்டிய மாவு இருட்டுவதற்குள் பொங்கிவிடும். அதனால் புளிக்காத மாவாக மாலையிலேயே விற்றுத் தீர்க்க வேண்டும். மார்கழியில் அந்தக் கவலை இல்லை. 2019-இல் பிளாஸ்டிக் தடை வந்தபின், கவரில் கேட்டு வருகிறவர்களை இவளே திருப்பி அனுப்புகிறாள்.

"அக்கா, மாவு இருக்குதுங்களா?"

"இருக்குது கண்ணு. போசி கொண்டாந்தியா?"

காசு அவள் பெயரில் இருக்கும் கணக்குக்கு, அவள் போனுக்கு வருகிறது. தறிக்கூலி அப்பா கைக்குப் போன காலத்தோடு இதை வைத்துப் பார்த்தால், கிரைண்டரைவிட இது பெரிய மாற்றமாக எனக்குப் படுகிறது.

மாவுக்கு ஒரு குறை: பாதியில் நிறுத்த முடியாது. ஊறிய உளுந்து காத்திருக்காது. தட்டுவடை காத்திருக்கும். சேலத்துத் தட்டுவடை செட் இப்போது ஊர் ஊராகப் போய்விட்டது. இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலே காரச் சட்னியும் புதினாச் சட்னியும். தள்ளுவண்டிக்காரருக்கு வேண்டிய தட்டுவடை யாரோ ஒருத்தியின் அடுப்பில் வெந்ததுதான். அரிசி மாவும் பொட்டுக்கடலை மாவும் சேர்த்து, ஊறிய கடலைப்பருப்பும் கறிவேப்பிலையும் போட்டுப் பிசைந்து, நெல்லிக்காயளவு உருட்டி, துணியில் வைத்து டம்ளர் அடியால் ஒரே அழுத்து. போன் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வந்து மீதியைச் சுடலாம். டின்னில் போட்டால் நாள்கணக்கில் மொறுமொறுப்பு போகாது. பள்ளி நேரத்துக்குள் ஒரு தொழில் தேடுகிறவர்கள் 'எவ்வளவு லாபம்' என்பதற்கு முன்னால் 'பாதியில் நிறுத்த முடியுமா' என்று கேட்க வேண்டும் என்பேன். ரவிக்கை தைப்பதை நிறுத்தலாம். சேலை முந்தானைக்குக் குச்சு கட்டுவதை நிறுத்தலாம். ஆரி வேலையையும் நிறுத்தலாம், கண்ணுக்குத்தான் கேடு.

பக்கத்து இளம்பிள்ளைச் சேலைகளை வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்பது இப்போது நிறைய நடக்கிறது. முதலே வேண்டாம், ஆர்டர் வந்தபின் எடுத்தால் போதும். ஆனால் அதே படத்தை அதே வாரத்தில் இன்னும் நூறு பேர் போட்டிருப்பார்கள். சொந்தக்காரர்கள் வாங்கி முடிந்ததும் வியாபாரம் படுத்துவிடுவது அதனால்தான்.

செலவில் பயப்பட வேண்டியது உணவுத் தொழிலுக்கான பதிவு இல்லை. சின்ன அளவில் விற்கிறவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிய ஆகும் செலவு சொற்பம்தான். பயப்பட வேண்டியது 'மெஷின் வாங்குங்கள், நீங்கள் செய்வதை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம்' என்று வருகிறவர்களைக் கண்டு. கற்பூரம், பேப்பர் தட்டு, ஊதுபத்தி என்று பொருள் மட்டும் மாறும், பேச்சு மாறாது. 2012-இல் பக்கத்துப் பெருந்துறையில் சுசி ஈமு நிறுவனம் மூடிக்கொண்டு போனபோது, கோழியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்ற பேச்சை நம்பிய கொங்கு நாட்டு விவசாயிகள் எத்தனை பேர் தெருவில் நின்றார்கள் என்று பார்த்தோம். விற்பது கஷ்டம் என்பதால்தான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்ற சொல்லுக்கு இத்தனை மவுசு.

உண்மையான முடிச்சும் விற்பதில்தான் இருக்கிறது. மாவு வாங்க ஆள் வருவது மாலை நாலரைக்கு மேல். தட்டுவடை கேட்டு வண்டிக்காரர் வருவதும் அப்போதுதான். ரவிக்கை அளவு கொடுக்க வருகிறவளும் வேலை விட்டு, கட்டணமில்லா டவுன் பஸ்ஸில் இறங்கி ஆறு மணிக்குத்தான் வருவாள். செய்வது பள்ளி நேரத்துக்குள் அடங்குகிறது, விற்பது அடங்கவில்லை. நாலிலிருந்து ஏழு வரை வாசலில் வாடிக்கை, உள்ளே வீட்டுப்பாடத்தோடு பிள்ளை. அந்த நேரத்தில் மாவை அளந்து ஊற்றுவதும் பணம் வந்ததா என்று போனைப் பார்ப்பதும் பத்து வயதுப் பெண்பிள்ளையாக இருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பையன் அதே நேரம் தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பான். தார் சுற்றிய காலம் முழுக்கப் போய்விட்டதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

காலை நேரத்தை அரசு ஓரளவு எடுத்துக்கொண்டது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் 1,545 பள்ளிகளில் தொடங்கி, அடுத்த ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. சமைப்பது மகளிர் குழுப் பெண்கள். தாய்க்குக் காலையில் ஒரு மணி நேரமாவது மிஞ்சுகிறது; ஏழு மணிக்கு அரிசி ஊறப்போட முடிகிறது. மதியத்தை 1982 பார்த்துக்கொண்டது. மாலைக்கும் ஒரு வழி கொஞ்ச காலம் இருந்தது. கொரோனாவுக்குப் பின் 2021 அக்டோபரில் வந்த இல்லம் தேடிக் கல்வியில், தெருத் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் மாலையில் தன்னார்வலர்கள் பாடம் சொன்னார்கள், மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு. பெரும்பாலும் அவர்களும் அந்தத் தெருப் பெண்கள்தான். கற்றல் இடைவெளியைச் சரிக்கட்டக் கொண்டுவந்த திட்டம் என்றாலும், மாவு விற்கிறவளுக்கு அது மாலையில் இரண்டு மணி நேரம் கொடுத்தது.

கடனும் தையல் இயந்திரமும் பயிற்சியும் கொடுக்க அரசிடம் திட்டங்கள் இருக்கின்றன. அவற்றோடு இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சங்ககிரி போன்ற ஊர்களில், ஆண்கள் லைனில் இருக்கும் தெருக்களில், பள்ளி விட்டபின் ஏழு மணி வரை பிள்ளைகளை உட்காரவைத்துப் படிக்க வைக்கும் ஒரு மையம், ஒரு சுண்டல், நியாயமான சம்பளத்தில் அந்தத் தெருவிலேயே ஒரு பெண். அடுத்த கிராமசபைக்கோ வார்டுக் கூட்டத்துக்கோ போகிறவர்கள் சாக்கடை, தெருவிளக்கு மனுவோடு இதையும் எழுதிக் கொடுங்கள்.