மலையேறுமுன் எண்ணெய் பாருங்கள்

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக மடுல்கெல்லைக்குச் செல்லும் பாதை, தேயிலைச் சரிவுகளினூடே வளைந்து வளைந்து ஏறுகிறது. கண்ணுக்கு இனிய அவ்வேற்றம் காரின் இயந்திரத்துக்குக் கடுஞ்சோதனையாகும். தாழ்ந்த கியரில் இயந்திரம் விரைந்து சுழல்கிறது. வண்டியோ மெல்லவே நகர்வதால் எதிர்க்காற்றின் குளிர்ச்சி குறைகிறது. வெப்பம் ஏற ஏற, எண்ணெயின் தடிப்பும் குறைகிறது.

இயந்திரத்தினுள்ளே சுழல்தண்டும் அதைத் தாங்கும் பேரிங்குகளும் ஒன்றையொன்று தொடாதிருப்பது, அவற்றிடையே ஓடும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தினாலேயே. அப்படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தோடு உரசும். விரைவில் இயந்திரம் இறுகி நின்றுவிடும்.

முற்காலத்தில் நீராவி வண்டிகளை அடிக்கடி நிறுத்தியே எண்ணெய் இட்டனர். ஓடும்போதே எண்ணெய் இடும் கருவியொன்றுக்கு 1872ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார் எலைஜா மக்கோய். அடிமைத்தளையினின்று தப்பிக் கனடாவுக்கு ஓடிய பெற்றோரின் மைந்தர் அவர். இன்று காரில் எண்ணெயைச் சுற்றிவரச் செய்வது ஒரு பம்பு. ஆயினும், சட்டியில் இருந்தாலன்றோ அகப்பையில் வரும்! செங்குத்தான ஏற்றத்தில் எண்ணெய் ஒருபுறமாகச் சாயும். அளவும் குறைந்திருப்பின் பம்பு காற்றையே உறிஞ்சும்.

“சிவப்பு விளக்கு எரியும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்பார் பலர். இது பெருந்தவறு. அவ்விளக்கு பெரும்பாலான கார்களில் எண்ணெயின் அளவைக் காட்டுவதன்று. அழுத்தம் குன்றியதைக் காட்டுவது. அது எரியும் வேளையில் பேரிங்குகள் வறளத் தொடங்கியிருக்கும். உடனே ஓரமாக நிறுத்தி இயந்திரத்தை அணைத்தல் வேண்டும். “அடுத்த வளைவு வரை” என்று ஓட்டலாகாது.

ஆகவே, புறப்படுமுன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துப் பத்து நிமிடம் பொறுங்கள். அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மீண்டும் முழுதும் செலுத்தி எடுத்துப் பாருங்கள். எண்ணெய் இரு குறிகளுக்கிடையே, மேற்குறியை அண்டி நிற்றல் நன்று. சரிவில் வைத்துப் பார்த்தால் அளவு பொய்க்கும். மேற்குறியைத் தாண்டி ஊற்றுவதும் தீது. சுழல்தண்டு அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். எண்ணெய் கறுத்திருப்பது கண்டு அஞ்ச வேண்டாம். கரியைத் தன்னுள் ஏற்றுச் சுமப்பதும் அதன் கடமையே. பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கக்கூடும், பழுதுபார்ப்போரிடம் காட்டுங்கள். எந்த எண்ணெய், எப்போது மாற்றுவது என்பவற்றைக் காருடன் வந்த கைந்நூல் கூறும்.

முதியோரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு, மழையிருட்டில், ஆளரவமற்ற வளைவொன்றில் நின்று தவிப்பதை எண்ணிப் பார்த்தால், அந்தப் பத்து நிமிடம் பெரிதா? மாணவச் செல்வங்களே, அடுத்த பயணத்தின்போது தந்தையாருக்கு இதனை நினைவூட்டுங்கள். அளவுக் கம்பியை நீங்களே பிடித்துப் பாருங்கள்.