பல் வைத்தியத்தில் சுத்தம்: திறந்த பாட்டில் கற்பித்த பாடம்



பல் பிடுங்குவதை நாம் யாரும் பெரிய சிகிச்சையாக எண்ணுவதில்லை. காலையில் போய் மத்தியானத்திற்குள் வீடு திரும்பிவிடும் காரியம். ஆனால் பல் எடுத்த குழி ஒரு திறந்த காயம். அதில் படும் கருவியும், அதைக் கழுவும் நீரும், மருத்துவரின் கையும் சுத்தமாயிராவிட்டால், பல்வலியோடு வந்தவர் வேறொரு வியாதியைச் சுமந்துகொண்டு போவார். பல் பிரிவிற்கென்று ஆஸ்பத்திரிகள் கேட்கும் பொருட்களில் பல, கொடுப்பவர் கண்ணுக்கு அற்பமாகத் தோன்றும். அவை ஏன் அவசியம் என்பதை இம்மடலில் விளக்க விரும்புகிறேன். நான் போதகனேயன்றி பல் மருத்துவன் அல்ல. ஆகவே எளிய வார்த்தைகளிலேயே எழுதுகிறேன்.

வாணியம்பாடியில் நடந்தது

2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை, திருப்பத்தூர் மாவட்டத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் 21 பேர் ஒரே விதமான கொடிய மூளைத் தொற்றால் பாதிக்கப்பட்டார்கள். காய்ச்சல், தலைவலி, பேச்சுக் குழறல், முகம் ஒரு பக்கம் கோணுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். வியாதியின் பெயர் மெலியாய்டோசிஸ். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு கிருமியால் அது வருகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்களும், தமிழக பொது சுகாதாரத் துறையினரும், சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தாரும் காரணத்தைத் தேடினார்கள். 21 பேரில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவமனைக்குப் போய் வந்தவர்கள் என்று தெரிய வந்தது. அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்துபோனார்கள். மற்ற 11 பேரில் இறந்தவர் ஒருவர்.

கிருமி எங்கே இருந்தது? காயத்தைக் கழுவ வைத்திருந்த சலைன் பாட்டிலில். ஈறை எலும்பிலிருந்து விலக்கும் கருவியாலேயே பாட்டிலைத் திறந்து, வாயைப் பஞ்சால் லேசாக அடைத்து, அது தீரும்வரை ஒருவர் பின் ஒருவராகப் பலருக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். வாய்க்காயத்தின் வழியாக நுழைந்த கிருமி, முகத்து நரம்புகள் வழியே மூளைக்கு ஏறியிருக்கக்கூடும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. 2025-இல் இந்த ஆய்வு லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளிவந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சலைன் சுத்தத்திற்காகவே வாங்கப்படுவது. ஆனால் மூடி திறந்த நிமிஷம் முதல் அதன் சுத்தம் பாட்டிலைப் பொறுத்ததல்ல, திறந்தவர் கையைப் பொறுத்தது.

மலைக்குத் தெரிந்த பாடம்

கொல்லிமலைக்கு இது முற்றிலும் புதிய பாடம் அல்ல. வாழவந்தி நாட்டில் ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்ட் ஐயாவும் ஈவ்லின் அம்மையாரும் (இவர்களுடைய மகன்தான் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட்) நரம்புச் சிலந்தி வியாதியோடு போராடினார்கள். புண்ணுள்ள காலோடு ஒருவர் தண்ணீரில் இறங்கினால், புழுவின் குஞ்சுகள் அந்நீரில் கலந்து, குடிக்கிறவர்கள் உடலில் போய்ச் சேரும். ஜெஸ்ஸி ஐயா புழுவை உருவி எடுத்ததோடு நிற்கவில்லை. ஜனங்கள் நீரில் கால் வைக்காதபடி கிணறுகளுக்குச் சுவர் எழுப்பச் செய்தார். புழு எடுத்ததை எல்லாரும் பார்த்தார்கள். சுவர் எத்தனை பேரைக் காத்தது என்பதை யார் பார்த்தார்கள்? 1929-இல் அவர் மரித்தார். 2000-இல் இந்தியா அந்த வியாதியிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தண்ணீரைக் காத்ததாலேயே அது ஒழிந்தது.

கொதிக்க வைத்தால் போதாதா?

பலரும் இப்படிக் கேட்பதுண்டு. போதாது. சில கிருமிகள் விதைபோல் கெட்டியான ஓட்டுக்குள் ஒடுங்கி, கொதிநீரிலும் உயிரோடிருக்கும். மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. உயரம் 300 மீட்டர் கூடினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். ஆகவே 1,200 மீட்டர் உயரத்தில் 96 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். அடுப்பில் எவ்வளவு நேரம் வைத்தாலும் அதற்குமேல் சூடேறாது.

இதற்காகவே ஆட்டோகிளேவ் என்னும் நீராவி அழுத்தக் கலம். அது 121 டிகிரியில் 15 நிமிஷத்திற்குக் குறையாமலோ, 134 டிகிரியில் 3 நிமிஷத்திற்குக் குறையாமலோ கருவிகளை வைத்துக் கிருமிகளை அழிக்கிறது. பழைய மாதிரிக் கலங்களில் சமவெளியில் 15 பவுண்டு அழுத்தம் போதும். மலையில் அதே வெப்பம் வர ஏறக்குறைய 2 பவுண்டு கூட்ட வேண்டும். முள்ளை மட்டும் நம்பாமல் வெப்பத்தையும் பார்க்க வேண்டும்.

இன்று வேண்டிய பொருட்கள்

1. சிறிய சலைன் பாட்டில்கள். ஒரு நோயாளிக்கு ஒன்று. மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். இது வீண்செலவு அல்ல. வாணியம்பாடியை எண்ணிப் பாருங்கள்.

2. மூடி ஒட்டும் உறைகள். கருவியை உறையிலிட்டு ஆட்டோகிளேவில் வைத்து, நோயாளியின் கண்முன்பே பிரிக்கலாம். உறையிலுள்ள அடையாளக்கோடு நிறம் மாறியிருந்தால் அது கலத்திற்குள் போய் வந்தது தெரியும். கிருமி உண்மையிலேயே செத்ததா என்று அறிய, வாரம் ஒருமுறை வித்துச் சோதனை செய்ய வேண்டும்.

3. ஊசி, மரப்பு மருந்துக் குழாய், உமிழ்நீர் உறிஞ்சும் குழல். இவை எல்லாம் ஒருமுறை மட்டுமே. காய்ந்துபோன இரத்தத் துளியிலும் மஞ்சள்காமாலை பி கிருமி 7 நாள்வரை உயிரோடிருக்கும்.

4. ஆட்டோகிளேவில் வைக்கத்தக்க பல் துளைக்கும் கைக்கருவிகள். துடைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு இவற்றையும் கலத்தில் வைக்க வேண்டும். ஆகவே ஒன்றுக்கு மேற்பட்டவை தேவை.

5. துளைக்காமல் செய்யும் மருந்துகள். சொத்தையில் தடவும் சில்வர் டையமைன் ஃபுளோரைடும், கையால் சுரண்டி அடைக்கும் கண்ணாடி அயனோமர் சிமெண்டும் 2021-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. முன்னது பல்லைக் கறுப்பாக்கும் என்பது குறைதான். ஆனால் மின்சாரம் வேண்டாம், நீர்த்தெறிப்பும் இல்லை. மலைப்பள்ளிகளின் பிள்ளைகளுக்கு ஏற்றவை.

கட்டிடத்திற்குக் கொடுத்தால் கல்வெட்டில் பெயர் இருக்கும். உறைக்கும் ஊசிக்கும் சிறு பாட்டிலுக்கும் கொடுத்தால், அன்று மாலையே அவை குப்பைக்கூடைக்குப் போய்விடும். அந்தக் காணிக்கையின் பலன், வராமற்போன வியாதியில் இருக்கிறது. அதை எந்தக் கணக்கிலும் எழுதிக் காட்ட முடியாது. காய்ச்சலோடு 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நாமக்கல்லுக்கு இறங்க வேண்டிய மலைவாசிக்கு, அந்தப் பயணம் நேராமற்போவதே பெரிய உதவி.

நீங்களும் பல் மருத்துவரிடம் போகும்போது தாழ்மையாய்க் கேளுங்கள்: கருவி உறையிலிருந்து வருகிறதா? ஊசி புதியதா? சலைன் இப்போது திறந்ததா? நல்ல மருத்துவர் இதற்குக் கோபிக்கமாட்டார். கருவிகளைக் கழுவி அடுக்கும் உதவியாளர்களையும் உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய பொறுமையான கைகளில்தான் அநேகருடைய ஜீவன் இருக்கிறது.

உங்கள் ஊழியத்திலுள்ள,
ஆஸ்பத்திரிப் போதகர்